வயது ஐம்பத்து நான்கு, பாலினம் பெண்

மலைச்சாலையின் கடைசி வளைவைச் சாய்ந்து எடுத்து, பெட்ரோல் பங்கின் முற்றத்துக்குள் வண்டியை நுழைத்த அந்த நொடியில்தான் அவள் தன் மகளைப் பார்த்தாள்.

முதலில் அடையாளம் தெரிந்தது முகம் அல்ல, இடுப்பு. உடம்பின் மொத்த எடையையும் ஒற்றைக் காலில் போட்டு, இடது இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும் அந்தக் கோணல். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக பிசியோதெரபி பார்ப்பவளுக்கு உலகத்தில் எந்த இடுப்பும் மறக்காது. பெற்ற மகளின் இடுப்பு மறக்குமா? 'நேரா நில்லு, நாற்பது வயசுல முதுகு வலிக்குதுன்னு என்கிட்டதான் வரணும்' என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இடுப்பு அது. கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். காற்று நிரப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டிக்காரரையும் வழிமறித்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று கை தானாகவே முறுக்கியது. ஆனால் பெட்ரோல் விளக்கு அரைமணி நேரமாக மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, முன்னால் தன் வண்டியில் வந்த தோழி, பல் டாக்டர், வண்டியை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. மகளிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் நிறுத்தினாள். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை மட்டும் ஏற்றவில்லை.

நேற்று சாப்பிடும்போது மகள் சொல்லத்தான் செய்தாள். "நாளைக்கு வெளிவேலைம்மா, விடியறதுக்கு முன்னாடியே ஆபீஸ் வேன் வந்துடும்." ஊரில் யார் எந்த சோப்பு போடுகிறார்கள், யார் எந்த செருப்பு வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்துக் கொடுக்கும் கம்பெனி. எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் 'நீ எங்கே' என்று திருப்பிக் கேட்பாளோ என்ற பயம். வீட்டைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நீச்சல் குளத்தில் இருக்கிறாள். இரண்டு வருடமாக, மழையோ வெயிலோ, ஒரு வாரம் விடாமல் நீந்திக்கொண்டிருக்கிறாள்.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. ஸ்கூட்டரில் நீச்சல் பையோடு அங்கே போவாள். உடை மாற்றுவாள். தன் வண்டியின் மேல் போட்ட துணியை உருவுவாள். திரும்பி வந்ததும் அதே ஷெட்டின் குழாயில் தலையை நனைத்து, டவலையும் நன்றாக முக்கி எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு துறைக்கே தலைமை வகிப்பவள், குழாயடியில் குனிந்து தலையை நனைத்துக்கொள்ளும் அழகைப் பார்த்துப் பல் டாக்டர் வாராவாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தோள்பட்டை வலி என்று வந்தார். அப்போதே அவருக்கு ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். நாற்காலியில் குனிந்து பல் பிடுங்கியதால் வந்த வலி என்று இவள் நினைத்தாள். பத்து நாள் பார்த்தும் குறையவில்லை. "வேற என்ன வேலை செய்றீங்க, மறைக்காம சொல்லுங்க" என்று அதட்டியபோது, பேசாமல் ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார். வாகனம் நிறுத்தும் இடத்தில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில், பாயத் தயாராக இருக்கும் மிருகம் மாதிரி சிவப்பாக ஒன்று நின்றது.

வலிக்கு மூலம் தெரிய வேண்டுமென்றால் உட்காரும் விதம் தெரிய வேண்டும். அதற்காக மட்டும்தான் கீழே இறங்கிப்போய் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடி எவ்வளவு தாழ்வு, மணிக்கட்டில் எவ்வளவு எடை, முதுகு எந்த இடத்தில் வளைகிறது என்று வரிசையாகப் பார்த்தாள். வயிற்றை உள்ளே இறுக்கிக்கொண்டு, தொடையால் டேங்க்கை அணைத்தால், கைக்கு எடையே வராது என்று கண்டுபிடித்தாள். "நீங்க கையால புடிச்சுத் தொங்கறீங்க. வண்டிய காலால புடிக்கணும்" என்று பல் டாக்டருக்கே பாடம் எடுத்தாள். எடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. பத்து நிமிடம் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தாள். "சாவி போடட்டுமா?" என்று பல் டாக்டர் கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் ஓட்டுநர் பள்ளியின் காலி மைதானம், எட்டு போட்டது, மூன்று முறை விழுந்தது, முட்டிக் கவசம், முதுகுக் கவசம், ஒரு வருடம் கழித்து இந்த நீலநிற வண்டி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் மலையேறும் கூட்டத்தில் அவளுக்கு 'நிமிரு மேடம்' என்று பெயர். ஓய்வில் நிற்கும்போதெல்லாம் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து நிமிரச் சொல்லுவாள். முப்பது பேர் தோல் ஜாக்கெட்டோடு சாலையோரத்தில் கையைத் தூக்கி இறக்குவார்கள்.

ஹெல்மெட்டோடு பார்த்தால் இளவட்டம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கழற்றினால்தான் தெரியும். நரை, வழுக்கை, மூக்குக் கண்ணாடி, காது மெஷின். ஒருவர் பேக்கரிக்காரர், ஐம்பத்தொன்பது. இன்னொருவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபத்து மூன்று. கூட்டத்திலேயே சின்னவருக்கு நாற்பத்து நான்கு. அவரைக் 'குழந்தை' என்று கூப்பிடுவார்கள். இருபது வயதுக்காரர்கள் வரவே மாட்டார்கள் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றதும் அவர்களுக்கு ஆசை விட்டுப்போகும்.

இப்போது பல் டாக்டர் அருகில் வந்ததும் அவள் அவருடைய கையைப் பற்றி இழுத்தாள்.

"என் பொண்ணு!"

"எங்க?"

"அங்க. கையில டேப்லெட்."

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். மகள் அதற்குள் இவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"கழட்டாத. எது நடந்தாலும் ஹெல்மெட்ட மட்டும் கழட்டாத" என்றார் பல் டாக்டர், வாயை அசைக்காமல்.

"குட் மார்னிங் மேடம்! ரெண்டே நிமிஷம். ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டறவங்களப் பத்தி ஒரு சர்வே எடுக்கறோம். ஒரு ஷோரூமுக்காக." வீட்டில் கேட்காத குரல். மரியாதையும் தெளிவுமாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிற குரல். ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த நேரத்திலும், 'பரவாயில்லையே, எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்' என்று அவளுக்குத் தோன்றியது.

"இவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றார் பல் டாக்டர்.

"அச்சச்சோ. எந்த டாக்டர்?"

"நான்தான்."

"ஓ! நீங்க தொண்டை டாக்டரா மேடம்?"

"பல்."

மகள் ஒரு கணம் குழம்பி, பிறகு சிரித்துவிட்டாள். "பரவாயில்ல. தலைய ஆட்டினா போதும், நான் குறிச்சுக்கறேன். வயசு பதினெட்டு முதல் இருபத்தஞ்சா? இருபத்தாறு முதல் முப்பத்தஞ்சா?"

இல்லை, இல்லை என்று ஹெல்மெட் ஆடியது. மகளுடைய விரல் திரையில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல இதுதான் நல்ல சந்தர்ப்பம். ஆனால் கணக்கெடுக்கும் பெண்ணிடம், அதுவும் தான் பெற்ற பெண்ணிடம், கணக்கைக் கெடுக்க மனது வரவில்லை. கையுறை போட்ட ஐந்து விரலைக் காட்டினாள். பிறகு நான்கு விரல்.

"அம்பத்தி நாலா? சூப்பர் மேடம். எங்க அம்மா வயசு." அவள் குறித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து இதே கதைதான். இருபத்தொன்பது பேரக் கேட்டாச்சு, சராசரி அம்பதத் தாண்டுது. கேள்வித்தாள்ல 'காலேஜா, முதல் வேலையா'ன்னு கட்டம் கட்டமா குடுத்திருக்காங்க. பேரக்குழந்தைக்குக் கட்டமே இல்ல."

"அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?" என்றார் பல் டாக்டர். "ஆசை வர்ற வயசுல வீட்ல சாவி குடுக்க மாட்டாங்க. சாவி கைக்கு வர்ற வயசுல முதுகு குடுக்காது. முதுகையும் சமாளிச்சவங்கதான் இங்க நிக்கறோம்."

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர், கொண்டுவந்த பன் தீர்ந்துபோகிறது என்று அங்கிருந்து கத்தினார். பல் டாக்டர் இவளைப் பார்த்தார், பன்னைப் பார்த்தார். "ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துரோகி என்று மனதுக்குள் திட்டினாள்.

"கடைசிக் கேள்வி மேடம். வண்டி வாங்கலாம்னு முடிவு பண்ணும்போது வீட்ல யார் பேச்சுக்கு மதிப்பு இருந்துச்சு? கணவர், பிள்ளைங்க, பெத்தவங்க?"

ஹெல்மெட் மெல்ல இடமும் வலமும் ஆடியது.

"யாரும் இல்லையா? குடுத்து வெச்சவங்க." மகள் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து நின்று களைத்திருந்தாள் போல; முன்பின் தெரியாத, பதில் பேச முடியாத ஒரு பெண்மணியிடம் பேசுவது சுலபமாகவும் இருந்திருக்கலாம். "என் தம்பிக்கு இருபது வயசுல இந்த மாதிரி வண்டி மேல அப்படி ஒரு ஆசை. எங்க அம்மா கேக்கல. அவங்க ஆஸ்பத்திரியில வேலை செய்றாங்க. ஒருநாள் அவனக் கூட்டிட்டுப்போயி, கால் போனவன், இடுப்பு உடைஞ்சவன்னு கட்டில் கட்டிலா காட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் செவத்துல ஒட்டியிருந்த வண்டிப் படத்த அவனே கிழிச்சுட்டான். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. அஞ்சு வருஷமாச்சு." அவள் சாலையைப் பார்த்தாள். "அம்மா நல்லவங்கதான் மேடம். ஆனா அவங்க எதுக்காவது ஆசப்பட்டு நான் பாத்ததே இல்ல. உங்களையெல்லாம் பாக்கும்போது அதான் தோணுது. அவங்களுக்கும் இப்படி ஏதாவது ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

தொண்டை உண்மையாகவே கட்டிக்கொண்டது. கண்ணைத் துடைக்கலாமென்றால் கண்ணாடி மறைத்தது. என்ன செய்வது என்று தெரியாத அந்தத் தவிப்பில், முப்பது வருடப் பழக்கம் தானாக வேலை செய்தது. கை நீண்டது. வெளியே தள்ளிக்கொண்டிருந்த அந்த இடது இடுப்பில், இரண்டு விரல் முட்டியால் 'டொக்' என்று ஒரு தட்டு.

மகள் அனிச்சையாக நேராக நின்றாள். நின்ற பிறகு, அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் தட்டை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் தட்டுவார்.

"அம்மா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? வாரைத் தளர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி தலையோடு ஒட்டியிருந்தது, கன்னத்தில் பஞ்சு அழுந்திய கோடுகள். மகள் அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். ஜாக்கெட், முட்டிக் கவசம், பூட்ஸ். பிறகு வண்டியை. மறுபடி அவளை.

"நீச்சல் குளத்துலேர்ந்து எப்பம்மா வந்தே?"

"இப்பத்தான்" என்றாள் அவள்.

மகளின் வாய் கோணியது. சிரிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் கண் கலங்கிக் கோபம் வந்தது. "ரெண்டு வருஷம்! தம்பிய அந்த வார்டுல கூட்டிட்டுப்போயி அப்படிக் காட்டினே. அவன் எத்தன நாள் சாப்பிடாம இருந்தான் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பொய் எதுவும் காட்டலடி. வாரத்துக்கு ரெண்டு பேர் வருவாங்க. எல்லாம் பத்தொன்பது, இருபது. நான் வேற யாரையும் பாத்ததே இல்ல. இந்த வண்டின்னாலே அந்தப் பசங்கதான், அந்தக் கட்டில்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். தொழில் புத்தி அழுகைக்கு நடுவிலும் எட்டிப் பார்த்தது. "உன் கணக்குல விழுந்தவங்க மட்டும்தாம்மா இருந்தாங்க. விழாதவங்க எதுக்கு உன்கிட்ட வரப்போறாங்க? இப்படியா கணக்கெடுப்பாங்க?"

"தப்புத்தான்."

"என்கிட்ட சொல்லாத. அவன்கிட்ட சொல்லு. இப்பவே."

தம்பி வேறு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறான். வேலைக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி அவனுக்கு நடுச்சாமம். மகள் தன் போனில் வீடியோவில் கூப்பிட்டபோது, திரையில் தலையணைத் தடத்தோடு ஒரு கன்னம் மட்டும் தெரிந்தது.

"டேய், எழுந்து உக்காரு. அம்மா பேசணும்."

"அம்மாவுக்கு என்ன?" அவன் விருட்டென்று எழுந்தான்.

"ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று போனை வாங்கினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேசாமல் போனைத் திருப்பி வண்டியைக் காட்டினாள். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, மெதுவாக. பிறகு தன்னைக் காட்டினாள்.

அவன் முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுவந்தான்.

"யாரோட வண்டி?"

"என்னோடது."

பங்கில் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் மெதுவாகக் கேட்டான். "அன்னைக்கு ஒருத்தன் ரெண்டு பக்கமும் கம்பியப் புடிச்சுட்டு நடந்துட்டு இருந்தான் இல்ல? என் வயசு இருக்கும். ரெண்டு அடி வெச்சுட்டு அழுதான். அவன் இன்னும் என் கனவுல வர்றாம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனா? அவனை இவன் ஐந்து வருடமாகச் சுமந்துகொண்டா இருக்கிறான்?

"அவன் நல்லா இருக்கான்டா!" என்று கத்தியேவிட்டாள். "எட்டு மாசத்துல ஊன்றுகோல கீழ போட்டுட்டான். போன வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டான், நான் போயிருந்தேன்."

"நடக்கறானா?"

"நடக்கறானாவா? மேடையில ஆடினான்டா. பொண்ணு போதும் போதும்னு கையப் புடிச்சு இழுத்துச்சு, இவன் நிறுத்தல." சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் வந்தது. "நான் உனக்கு விழுந்ததக் காட்டினேன். எழுந்ததச் சொல்லவே இல்ல. உன்னப் பயமுறுத்தணும்னு அவசரம், என் பயம் போனதும் சொல்லணும்னு தோணல. அதுதான்டா நான் பண்ணின தப்பு. வண்டி வேணாம்னு சொன்னதுகூட இல்ல."

திரையில் அவன் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். தேய்த்த கை அங்கேயே நின்றது. பிறகு அவனுடைய தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று மகள் எட்டிப் பார்த்தாள். அழவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஐயோ!" அவன் கட்டிலில் புரண்டு சிரித்தான். "அப்பாகிட்டச் சொல்லும்போது நான் அங்க இருக்கணும். சனிக்கிழமை வரேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

அந்த ஒரு வாரம் வீட்டில் இருந்த கூத்தைச் சொல்லி மாளாது. "இந்த வாரம் தண்ணி ரொம்பக் குளிருச்சா?" என்று அப்பா அவளைப் பாவமாகக் கேட்பார், மகள் பாத்திரத்தோடு சமையலறைக்குள் ஓடுவாள். திங்கட்கிழமை மகளுடைய மேலாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "வழி தவறி முதியோர் இல்லத்துக்குப் போயிட்டியா?" என்று கேட்டாராம். முப்பத்தேழு பேர், சராசரி வயது ஐம்பத்தொன்று, ஏழு பேர் பெண்கள். விளம்பரத்துக்காக ஏற்கெனவே இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனைப் படம் பிடித்தாயிற்று. "கணக்குச் சரிதான் சார், அந்தப் பையனத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள் மகள். மறுநாள் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, நாற்பத்தாறு வயதில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியுமா, அதைப் பற்றி ஏதாவது கேள்வி இருந்ததா என்று சும்மா விசாரிப்பது போல விசாரித்தாராம்.

அப்பா நிலஅளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். காரை நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரிடம் சனிக்கிழமை மத்தியானம், நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தார்கள்.

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஹெல்மெட் போடறியா?"

"போடறேன்."

"நல்ல ஹெல்மெட்டா?"

"நல்லது."

"அப்ப நீச்சல்?"

"இல்லீங்க."

"ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை அந்த டவல மாடியில கொண்டுபோயிக் காயப் போடறது யாரு?"

"நீங்கதான்."

"புழிஞ்சு, உதறி, கிளிப் போட்டுக் காயப் போட்டேன்." அவர் குரல் கம்மியது. "அது எந்தத் தண்ணி?"

"பல் டாக்டர் ஷெட்டுல குழாய்த் தண்ணி."

பையனுக்குப் புரையேறிவிட்டது. மகள் அவன் தலையில் தட்டுகிறேன் என்று சாக்கு வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம், சாமான்களை இழுத்துப் போடும் சத்தம். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நாள் கூட வாழ்ந்த மனிதரை ஈர டவலால் ஏமாற்றியது அப்போதுதான் முழுதாக உறைத்தது. எழுந்து போகலாமா, விட்டுவிடலாமா என்று நினைக்கும்போதே கதவு திறந்தது. அவர் கையில் ஒரு நீளமான சுருள். தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசைமேல் அதை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தார்.

மலைச்சாலை. வளைவுகள் அத்தனையும், எண் போட்டு, மெல்லிய கோடுகளில்.

"இந்த ரோட்ட அகலப்படுத்தும்போது நான் வரைஞ்சது. பதினேழு வளைவு. ஒவ்வொண்ணுக்கும் எந்தப் பக்கம் எவ்வளவு சரிவுன்னு மூணு மாசம் கணக்குப் போட்டேன். கார்ல போறவனுக்கு அது தெரியாது. எனக்கே தெரியாது, நாப்பதுல போனா எல்லாம் ஒண்ணுதான்." அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. "பதினொண்ணாவது. இங்க உள்பக்கமா கொஞ்சம் கூடுதலா சரிச்சிருக்கேன். ரொம்பக் கூடுதல்னு என் மேலதிகாரி சண்ட போட்டாரு. நான் விட்டுக்குடுக்கல. நீ அதுல போறப்ப எப்படி இருக்கு?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். அவளுடைய உடம்புக்கு அந்த வளைவு தெரியும். மற்ற வளைவுகளில் வண்டியை இவள் சாய்க்க வேண்டும். அங்கே மட்டும் சாலையே உள்ளங்கை மாதிரி குழிந்து வாங்கிக்கொள்ளும்.

"அதுலதான் எனக்குப் பயமே வராது" என்றாள். "கீழேர்ந்து யாரோ தாங்கிப் புடிச்ச மாதிரி இருக்கும்."

அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்கப் பிள்ளைகளுக்கே வெட்கமாக இருந்தது. "சொன்னேன் இல்ல? அந்தாள்கிட்டச் சொன்னேன் இல்ல?" என்று மேசையைத் தட்டினார். அப்புறம் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. ஒன்றாவது வளைவிலிருந்து பதினேழாவது வரை, எங்கே பிரேக், எங்கே கியர், எங்கே பார்வையைத் திருப்ப வேண்டும் என்று அவர் கேட்கக் கேட்க அவள் நாற்காலியிலேயே சாய்ந்து சாய்ந்து காட்டினாள். பையன் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் கத்துக்கறேன்மா" என்றான் நடுவில்.

அவள் சாய்ந்து காட்டுவதை நிறுத்தினாள். பழைய பயம் வந்த வழியே வந்தது. இந்த முறை அதை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு, "மைதானத்துல மூணு மாசம். முழுக் கவசம். அதுக்கப்புறம்தான் ரோடு" என்றாள்.

"உனக்கு எத்தன மாசம்?"

"நாலு."

"அப்ப எனக்கும் நாலு" என்றான்.

மறுநாள் விடிகாலையில் பல் டாக்டரின் ஷெட்டுக்கு ஒரு குடும்பமே போயிற்று. வண்டி வெளியே வந்ததும் கணவர் அதைச் சுற்றி வந்து, சங்கிலியைப் பார்த்து, டயரை அமுக்கிப் பார்த்து, அவளுடைய ஹெல்மெட் வாரைத் தானே இழுத்துப் பார்த்தார். இரண்டு அடி போய், திரும்பி வந்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். "மெதுவாப் போ" என்று சொல்லவில்லை. "நாங்க பின்னாடியே வரோம்" என்றார்.

முதல் வளைவிலேயே கார் பின்தங்கிவிட்டது. ஐந்தாவது வளைவில் கண்ணாடியில் காணவில்லை. அவள் மேலே, சாலை அகன்று மலை விளிம்பை எட்டும் இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எஞ்சின் சூடாறும் டிக் டிக் சத்தம். பத்து நிமிடமாயிற்று. கார் வரவில்லை. என்னவோ ஏதோ என்று விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக வளைவுகள் மடிந்து கிடந்தன. பதினோராவது மடிப்பின் ஓரத்தில் கார் நின்றது, மூன்று கதவும் திறந்து. மகள் சாலையின் கீழ்முனையில் நின்று கையை உயர்த்தி வருகிற வண்டிகளுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள், ஒற்றைக் காலில் எடையைப் போட்டு. பையன் மேல்முனையில் நின்றான். சாலையோரத்தில் அவள் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தார்மேல் உள்ளங்கையை வைத்து, சரிவை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். கீழிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். அவரருகே வந்ததும் வேகத்தைக் குறைத்தார்கள், யாரென்றே தெரியாமல் ஆளுக்கொரு கையை உயர்த்தினார்கள், சாய்ந்தார்கள், கடந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையை நிமிர்த்தி, தூசி படிந்த அந்தக் கையை உயரத் தூக்கிக் காட்டினார்.